அம்மாவுக்கு வாய் உலர்ந்து போகிறது, எச்சில் டெஸ்ட் "நார்மல்" என்கிறது. எதை நம்புவது?

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, மதுரையில் எங்களோடுதான் இருக்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நெடுநாளாக மாத்திரை ஓடுகிறது. போன தீபாவளிக்குப் பிறகு கால் எரிச்சல் அதிகமானதால் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் ஒன்று சேர்த்தார்கள். எரிச்சல் குறைந்தது. ஆனால் அப்போதிலிருந்து வாய் காய்ந்து போகிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் உதடு பல்லோடு ஒட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். எச்சிலைப் பிடித்து அளந்தார்கள். ரிப்போர்ட்டில் "உமிழ்நீர் ஓட்டம் நிமிடத்துக்கு 0.28 மி.லி., இயல்பு" என்று ஒரே வரி. பார்த்தவர் "எச்சில் நன்றாகத்தான் ஊறுகிறது, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். இப்போது அப்பா முதற்கொண்டு வீட்டில் எல்லாரும் "டெஸ்ட்டே நார்மல், இவள் சும்மா சொல்கிறாள்" என்கிறார்கள். அம்மா இப்போது வாய் வறட்சியைப் பற்றிச் சொல்வதையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அளவு சரியாக இருந்தால் வறட்சி இருக்கவே முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும் எழுத்தும்

நான் டாக்டர் இல்லை, கோவையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. என் பார்வையைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்சில் இவ்வளவு என்று ஓர் எண் வந்திருக்கிறது. "வறண்டிருக்கிறது" என்பது ஆளுக்கு ஆள் மாறும், நாளுக்கு நாள் மாறும். இரண்டும் முட்டிக்கொண்டால் எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் வேறு லேபில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். அங்கேயும் இதே அளவு வந்தால் காரணத்தை வேறு எங்காவது தேடுவதுதான் அம்மாவுக்கும் நல்லது.

சேலம் பல் டாக்டர்

வைகைக்கரை, இதைப் படித்து முடித்ததும் அம்மாவிடம் போய் "நீங்கள் சொல்வது உண்மைதான்" என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

வாய் வறட்சியில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, வாய் வறண்டிருப்பதாக ஒருவர் உணர்வது. இன்னொன்று, சுரப்பிகளிலிருந்து வரும் எச்சில் குறைந்து போவது. இரண்டும் சேர்ந்தே வரும் என்று பலரும் நினைக்கிறார்கள், மருத்துவம் படித்தவர்கள் உட்பட. ஆனால் எச்சில் குறையாமலே வறட்சி இருக்கலாம், எச்சில் வெகுவாகக் குறைந்தும் வறட்சி தெரியாமல் இருக்கலாம். ஆராய்ச்சியில் இவற்றை இரண்டு தனித்தனி நிலைகளாகவே வைத்திருக்கிறார்கள்.

அளவுகளைச் சொல்கிறேன். எதையும் மெல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆரோக்கியமான ஆளுக்கு சராசரியாக நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மி.லி. ஊறும். 0.1 அல்லது அதற்குக் கீழே போனால்தான் சுரப்பு குறைவு என்று எழுதுவோம். மெழுகுத்துண்டு கொடுத்து மெல்லச் சொல்லி அளந்தால் 1.5, 2 மி.லி. என்று வரும், அதில் 0.5 முதல் 0.7க்குக் கீழே போனால் குறைவு. அதனால் முதல் கேள்வி: அம்மாவின் 0.28 சும்மா இருக்கும்போது எடுத்ததா, மெல்லும்போது எடுத்ததா? சும்மா இருக்கும்போது என்றால் அது சராசரிக்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான். மெல்லும்போது என்றால் மிகக் குறைவு, ரிப்போர்ட்டே தலைகீழாகிவிடும். அதைச் சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் போட்டு "இயல்பு" என்று எழுதுவது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது சங்கதி இதைவிட முக்கியம். கனடாவில் காலின் டாஸ் என்ற உமிழ்நீர் ஆராய்ச்சியாளர் 1987-இல் சொன்னது இது: ஒருவருக்கு வழக்கமாக ஊறும் எச்சில் ஏறக்குறைய பாதியாகக் குறையும்போது அவருக்கு வாய் வறண்டதாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கவனியுங்கள், ஊரின் சராசரியில் பாதி இல்லை, அவருடைய சொந்த அளவில் பாதி. அம்மாவுக்கு முன்பு 0.6 ஊறிக்கொண்டிருந்து மாத்திரைக்குப் பிறகு 0.28 ஆகியிருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் சொல்லும், அம்மாவுக்கோ நாக்கு ஒட்டும். முன்பு எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை, யாருக்குமே அளப்பதில்லை. நல்லா இருக்கும்போதே ஒரு முறை அளந்து குறித்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

தூத்துக்குடி உப்பு

டாக்டர் சொன்ன இன்னொரு பக்கம் நான்தான். எனக்கு எச்சில் அளந்தபோது 0.05 வந்தது. அதற்கு முன்னால் யாராவது "உனக்கு வாய் வறட்சி இருக்கிறதா" என்று கேட்டிருந்தால் "இல்லையே" என்றுதான் சொல்லியிருப்பேன். கைப்பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கும், வெயில் ஊர் என்பதால் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. பல்லும் ஈறும் சேரும் இடத்தில், கழுத்துப் பக்கமாக, வரிசையாகச் சொத்தை விழுந்தது. இனிப்பே சாப்பிடாத எனக்கு ஏன் இப்படி என்று ஒரு பல் டாக்டர் யோசித்தார், அவர் புண்ணியத்தில்தான் மற்றதெல்லாம் தெரிந்தது.

எனக்கு ஷோகிரன் நோய். 1933-இல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விரிவாக எழுதிவைத்ததால் அந்தப் பெயர். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் உடம்பு பழகிவிடுகிறது, சாப்பாட்டையே மாற்றிக்கொள்கிறோம், அது நமக்கே தெரிவதில்லை. நான் எப்போது முறுக்கு சாப்பிடுவதை விட்டேன் என்று யோசித்துப் பார்த்தால் நினைவே இல்லை.

அதனால் அண்ணா (எண்ணும் எழுத்தும்), எண் முக்கியம் என்று நீங்கள் சொல்வது என் விஷயத்தில் முழு உண்மை. என் உணர்வை மட்டும் கேட்டிருந்தால் இன்னும் பல பற்கள் போயிருக்கும்.

லேப் வேலை

நான் லேப் டெக்னீஷியன். எச்சில் எடுப்பது பார்க்க எளிது, ஆனால் அது கெடுவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. வைகைக்கரை அக்கா, அம்மாவிடம் இதையெல்லாம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? அதற்கு முன் காபி குடித்தாரா, பல் தேய்த்தாரா, வெற்றிலை போட்டாரா? "துப்புங்கள்" என்றார்களா, "தானாக வழியவிடுங்கள்" என்றார்களா?

சரியாகச் செய்தால் இப்படி இருக்க வேண்டும். ஒரு மணி நேரம், முடிந்தால் ஒன்றரை மணி நேரம், வாயில் எதுவும் போகக்கூடாது, தண்ணீர் உட்பட. வந்தவுடன் எடுக்காமல் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். வெறும் கப்பைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்வோம். வாயில் இருப்பதை ஒரு முறை விழுங்கச் சொல்லிவிட்டு நேரம் பார்க்க ஆரம்பிப்போம். தலையைச் சற்று முன்னால் சாய்த்து, கண்ணைத் திறந்துகொண்டு, வாயை லேசாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். நாக்கு அசையக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கீழுதட்டின் நடுவில் எச்சில் சேர்ந்து ஒரு நூல் போலத் தொங்கும், அது கப்பில் விழும், விழாமல் ஊசலாடிக்கொண்டே இருக்கும், நோயாளிக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் நான் பக்கத்தில் நின்று உற்றுப் பார்க்க மாட்டேன். 5 நிமிடம் குறைந்தபட்சம், முடிந்தால் 10 அல்லது 15. கடைசியில் வாயில் மிஞ்சியதையும் கப்பில் விடச் சொல்வோம். மறுபடி எடை. 1 கிராம் என்றால் 1 மி.லி. என்று கணக்கு. கப்பில் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்து அளவு எடுத்தால் பாதி நுரைதான் இருக்கும், அதை நம்ப முடியாது.

கண்ணைத் திறந்திருக்கச் சொல்வது எதற்கு என்று பலர் கேட்பார்கள். இருட்டில் எச்சில் ஊறுவது குறையும். படுத்தால் குறையும், நின்றால் கூடும், தூங்கும்போது கிட்டத்தட்ட நின்றே போகும். சாயங்காலம் அதிகம், காலையில் குறைவு. இத்தனை இருக்கும்போது எப்படி எடுத்தோம் என்று எழுதாத எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

வைகைக்கரை

அம்மாவிடம் கேட்டேன். மெல்லத் துண்டு எதுவும் தரவில்லையாம். சாப்பிட்டு முடித்து வெளியே காத்திருந்தபோது கூப்பிட்டார்களாம். "நாக்கைச் சுழற்றி நன்றாகத் துப்புங்கள்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாட்டிலில் கோடு போட்டிருந்ததாம்.

லேப் வேலை

அப்படியென்றால் அக்கா, அது சும்மா இருக்கும்போது ஊறிய எச்சில் இல்லை. சாப்பிட்ட கையோடு, நாக்கைச் சுழற்றி, துப்பி, நுரையோடு அளந்தது. இவை எல்லாமே அளவை ஏற்றிக் காட்டக்கூடியவை. உண்மையான எண் 0.28க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம்.

எண்ணும் எழுத்தும்

இதைப் படித்ததும் எனக்கு வேலை வந்துவிட்டது. அளக்கும் முறையே இப்படி என்றால் அந்த எண்ணை வைத்து யாரையும் "சும்மா சொல்கிறாள்" என்று சொல்ல முடியாது, அதில் டாக்டர் பக்கம் நிற்கிறேன். ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. ஒழுங்காக அளந்தாலும் உணர்வும் ஓட்டமும் ஒத்துப்போகாது என்கிறார் டாக்டர். அதற்கு ஆதாரம் தேடினேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் வயதானவர்களை வைத்து முர்ரே தாம்சனும் கூட்டாளிகளும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. வாய் வறட்சி இருக்கிறது என்று சொன்னவர்கள் சுமார் 20%. அளந்து பார்த்ததில் சுரப்பு குறைவாக இருந்தவர்கள் சுமார் 22%. இரண்டும் சேர்ந்து இருந்தவர்கள் 6%கூட இல்லை. இப்போது ஒரு சின்னக் கணக்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, தற்செயலாகத்தான் சேருகின்றன என்று வைத்துக்கொண்டாலும் 20%-இல் 22% என்றால் 4.4% பேருக்கு இரண்டும் இருக்கும். நிஜத்தில் வந்தது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஐந்தில் ஒருவர் வறட்சி என்கிறார், ஐந்தில் ஒருவருக்குச் சுரப்பு குறைவு, ஆனால் பெரும்பாலும் அவரும் இவரும் வேறு வேறு ஆட்கள்! இவ்வளவு பெரிய இடைவெளியை நான் எதிர்பார்க்கவில்லை.

இதற்கு மூன்று விளக்கம் தோன்றுகிறது. கேள்வித்தாள் சரியில்லை, அல்லது எச்சில் அளவு சரியில்லை, அல்லது இரண்டும் சரியாக இருந்து உண்மையிலேயே வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன. மூன்றாவது என்றால், வறட்சி என்ற உணர்வுக்குக் காரணம் ஓட்டம் இல்லை என்றால், வேறு என்ன?

சேலம் பல் டாக்டர்

நல்ல கேள்வி, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கப்பில் விழுவது மொத்த எச்சில். ஆனால் வாய் ஈரத்தை உணர்வது அதன் மேல்தோலில் படிந்திருக்கும் மெல்லிய படலத்தால். விழுங்கிய பிறகும் வாயில் சராசரியாக 0.8 மி.லி. அளவுக்கு எச்சில் மிஞ்சி நிற்கும், அதுதான் வாய் முழுக்கப் படலமாகப் பரவுகிறது. சராசரி கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள். எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. நாக்குக்கு அடியில் குளம்போல நிற்கும், மேல் அண்ணத்தின் முன்பகுதியில் மிக மிக மெல்லியது. வறட்சி முதலில் தெரிவதும் அங்கேதான். அம்மா "நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது" என்று சொன்னாரே, அவர் இடத்தைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். வாயால் மூச்சு விடுகிறவர்களுக்குக் காற்று இந்த இடத்தில்தான் உரசிக்கொண்டு போகும், எச்சில் போதுமான அளவு ஊறினாலும் அண்ணம் காய்ந்துவிடும்.

அடுத்தது, எந்தச் சுரப்பி என்பது. காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பி தண்ணீர்போல எச்சில் தரும், மெல்லும்போதுதான் அது முழுவேகத்தில் ஓடும். சும்மா இருக்கும்போது வரும் எச்சிலில் பாதிக்கு மேல் தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து. உதட்டுக்குள்ளும் கன்னத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை தரும் அளவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் வழவழப்பான புரதத்தில் பெரும்பங்கு அவற்றுடையது. அந்த வழவழப்புதான் படலத்தைத் தோலோடு பிடித்து வைக்கிறது. எச்சில் கப்பில் நிறைய இருந்தும் அது குறைந்திருந்தால் வாய் சொரசொரப்பாகத்தான் இருக்கும்.

தஞ்சாவூரான்

மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தான் என்று பேப்பரில் போடுவான், கடைமடையில் வயல் நனைந்ததா என்று எங்களைத்தான் கேட்க வேண்டும். டாக்டரம்மா சொல்வது எனக்கு அப்படித்தான் புரிகிறது.

எனக்கு 67 வயது. கன்னத்தில் புற்றுநோய், ஆபரேஷன் செய்து கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்தார்கள். உயிர் பிழைத்தது பெரிய விஷயம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வாய் அடியோடு மாறிவிட்டது. ராத்திரி எழுந்தால் நாக்கு மரக்கட்டை. சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்துத்தான் இறக்குகிறேன். பரிசோதனைக்குப் போனால் "எச்சில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, நல்ல முன்னேற்றம்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லையே என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

சேலம் பல் டாக்டர்

ஐயா, நீங்கள் சொல்வது புத்தகத்திலேயே இருக்கிறது. கரண்ட் வைப்பதில் இப்போது காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியைக் காப்பாற்றும் விதமாகக் கதிரின் அளவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து வைக்கும் முறை வந்துவிட்டது. அந்தச் சுரப்பிக்குப் போகும் கதிரின் சராசரி அளவு 26 கிரேக்குள் (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்று நெடுநாளாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். இங்கிலாந்தில் செய்த பார்ஸ்போர்ட் என்ற சோதனையின் முடிவு 2011-இல் வந்தது: பழைய முறையில் ஒரு வருடம் கழித்து 74% பேருக்கு மோசமான வாய் வறட்சி, புதிய முறையில் 38%. பெரிய வெற்றிதான். ஆனால் அந்த 38% பேரையும் பாருங்கள். சுரப்பியைக் காப்பாற்றியும் வறட்சி போகவில்லை. காப்பாற்றியது மெல்லும்போது ஓடும் சுரப்பி. ராத்திரியும் சும்மா இருக்கும்போதும் வாயை நனைக்கிற தாடையடிச் சுரப்பியும் அண்ணத்தின் சின்னச் சுரப்பிகளும் கதிரில் மாட்டியிருந்தால் நீங்கள் சொல்வதுபோலத்தான் இருக்கும்.

டாக்டர் போடும் மதிப்பெண்ணும் நோயாளி போடும் மதிப்பெண்ணும் ஒத்துப்போகாததும் இந்தத் துறையில் தெரிந்த சங்கதி. பெரும்பாலும் டாக்டர்தான் குறைத்துப் போடுவார். அடுத்த முறை போகும்போது 0 முதல் 10 வரை எவ்வளவு வறட்சி என்று ஒவ்வொரு வாரமும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். வாயால் சொன்னால் கடந்து போய்விடுவார்கள், தாளைக் கோப்பில் வைத்தே ஆக வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

டாக்டர், அதே கேள்விதான். 0 முதல் 10 என்று ஒருவர் சொல்வதை எப்படி அளவு என்பது? என் 6 உங்கள் 4 ஆக இருக்கலாம்.

சேலம் பல் டாக்டர்

உங்கள் 6-ஐ என் 4-உடன் ஒப்பிட மாட்டேன். உங்கள் இந்த மாத 6-ஐ உங்கள் அடுத்த மாத எண்ணோடு ஒப்பிடுவேன். வலிக்கும் இதையேதான் செய்கிறோம், வலியை ரத்தத்தில் தேடுவதில்லை.

ஒற்றைக் கேள்வி போதாது என்பதால்தான் தாம்சன் அதே 1999-இல் 11 வாக்கியம் கொண்ட கேள்வித்தாளை உருவாக்கினார். சாப்பிடும்போது வாய் வறள்கிறது, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுகிறேன், காய்ந்த உணவு சாப்பிடக் கஷ்டம், சிலதை விழுங்கக் கஷ்டம், உதடு காய்கிறது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் "ஒருபோதும் இல்லை" முதல் "மிக அடிக்கடி" வரை 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 11-க்கும் 55-க்கும் நடுவில் வரும். இரண்டு முறை நிரப்பி 6 புள்ளியாவது மாறியிருந்தால்தான் நிஜமான மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு 5 கேள்வியில் சுருக்க வடிவமும் வந்தது.

கேள்வியில் எது ஓட்டத்தோடு சேரும், எது சேராது என்பதும் ஓரளவு தெரியும். அமெரிக்காவில் பிலிப் ஃபாக்ஸ் குழு 1987-இல் பார்த்தது: சாப்பாடு சம்பந்தமான கேள்விகளுக்கு ஆம் என்றவர்களுக்கு எச்சில் நிஜமாகவே குறைவாக இருந்தது. விழுங்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறதா, சாப்பிடும்போது வறள்கிறதா, விழுங்கக் கஷ்டமா, எச்சில் குறைவாகத் தோன்றுகிறதா, இந்த நாலும். ராத்திரி வறட்சி, தலைமாட்டில் தண்ணீர் வைத்திருப்பது, இவை அப்படிச் சேரவில்லை. தூக்கத்தில் எல்லாருக்குமே எச்சில் நிற்கிறது, வாய் திறந்து தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள், சர்க்கரைக்காரர்கள் தாகத்தால் எழுவார்கள்.

தூத்துக்குடி உப்பு

டாக்டர், ஒரு சங்கதி. "காய்ந்த உணவு" என்று கேட்டால் நம் ஊரில் சரியாக வராது. நம் சாப்பாடே சாம்பார், ரசம், மோர். எல்லாம் குழைந்துதான் உள்ளே போகிறது. என் மாமியாரிடம் கேட்டால் "சாப்பிடக் கஷ்டமே இல்லை" என்பார், ஆனால் பொட்டுக்கடலை ஒரு கை கொடுத்தால் பாதியிலேயே தண்ணீர் தேடுவார். பொரி, முறுக்கு, வரட்டு சப்பாத்தி என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

சேலம் பல் டாக்டர்

அம்மா, இதை நான் நாளைக்கே என் கேஸ் தாளில் சேர்க்கிறேன். பிஸ்கட் தின்னும் ஊருக்கு எழுதிய கேள்வியை அப்படியே கேட்டால் நம் ஆட்கள் தப்பித்துவிடுவார்கள், மதிப்பெண் குறைந்து வரும். "தண்ணீர் இல்லாமல் ஒரு முறுக்கு முழுதாகச் சாப்பிட முடிகிறதா" என்பது எவ்வளவு நல்ல கேள்வி!

உணர்வு, ஓட்டம் இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, கண்ணால் பார்ப்பது. லண்டன் கிங்ஸ் காலேஜில் 10 அடையாளம் வைத்து ஒரு மதிப்பெண் முறை செய்திருக்கிறார்கள். முதல் அடையாளம் என்ன தெரியுமா, பல் டாக்டரின் கண்ணாடி கன்னத்தில் ஒட்டுவது. ஈரமான வாயில் கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும். வறண்ட வாயில் கன்னத்தின் தோல் கண்ணாடியோடு இழுபட்டு வந்து மெல்லப் பிரியும், அந்தப் பிரிதலைக் கையிலேயே உணரலாம். அப்புறம் நாக்கில் ஒட்டுகிறதா, எச்சில் நுரையாக இருக்கிறதா, நாக்குக்கு அடியில் குளம் இருக்கிறதா, நாக்கு வெடித்திருக்கிறதா, அண்ணம் கண்ணாடிபோலப் பளபளக்கிறதா, பல்லின் கழுத்தில் சொத்தை இருக்கிறதா. செலவு இல்லை, வலி இல்லை. பல் டாக்டர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். பார்க்காமல் விடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

எண்ணும் எழுத்தும்

அப்படியென்றால் ஷோகிரனுக்கு எதை எடுத்துக்கொள்கிறார்கள்? எண்ணையா, உணர்வையா?

தூத்துக்குடி உப்பு

இதை நான் சொல்கிறேன் அண்ணா, எனக்கு மனப்பாடம். 2016-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்கள் சேர்ந்து போட்ட கணக்கு. உள்ளே நுழைவதற்கு வாயோ கண்ணோ வறள்கிறது என்று பொதுவாக ஓர் அறிகுறி வேண்டும். அப்புறம் எச்சில் 0.1 அல்லது அதற்குக் கீழ் என்றால் 1 புள்ளி. கண்ணில் தாள் வைத்துப் பார்க்கும் ஷிர்மர் சோதனையில் கண்ணீர் குறைவு என்றால் 1, கண் மேல்பரப்பில் சாயம் ஏற்றிப் பார்த்ததில் பாதிப்பு தெரிந்தால் 1. ரத்தத்தில் எஸ்எஸ்ஏ எதிர்ப்புப் பொருள் (நம் உடம்பையே எதிர்க்கும் ஒன்று) இருந்தால் 3, உதட்டுக்குள்ளிருந்து சின்னச் சுரப்பியை எடுத்துச் சோதித்ததில் தெரிந்தால் 3. மொத்தம் 4 வந்தால் போதும். எனக்கு ரத்தத்தில் 3, எச்சிலில் 1. அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் எனக்கு உதட்டில் கத்தி வைத்திருப்பார்கள்.

ஆனால் நோய் என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்க வேறு கேள்வித்தாள் இருக்கிறது. வறட்சி, களைப்பு, வலி மூன்றுக்கும் 0 முதல் 10. அதை நான் மட்டும்தான் நிரப்ப முடியும்.

தஞ்சாவூரான்

இத்தனை அளந்து என்ன செய்வது, மருந்து இருக்கிறதா என்று யாராவது சொல்லுங்கள்.

சேலம் பல் டாக்டர்

ஐயா, அளந்ததற்குப் பலனே அங்கேதான். சுரப்பியில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று மெல்ல வைத்து அளந்தால் தெரிந்துவிடும். மெல்லும்போது ஓட்டம் ஏறினால் சர்க்கரை இல்லாத சைலிட்டால் சூயிங்கம், பைலோகார்ப்பின் மாத்திரை போன்றவை வேலை செய்யும். பைலோகார்ப்பின் வியர்க்கவைக்கும், ஆஸ்துமா, சில கண் நோய், இதய நோய் இருந்தால் கூடாது, டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். மெல்ல வைத்தும் ஏறவில்லை என்றால் சுரப்பியைத் தட்டி எழுப்பிப் பயனில்லை. செயற்கை எச்சில் ஜெல், தெளிப்பான், ஃபுளோரைடு அதிகம் உள்ள பேஸ்ட் என்று பல்லையும் தோலையும் காப்பாற்றும் வழிக்குப் போக வேண்டும். உங்களுக்கு மெல்ல வைத்து அளந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள், அளக்கவில்லை என்றால் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். எலுமிச்சை மிட்டாயை மட்டும் வாயில் அடக்கிக்கொள்ளாதீர்கள், பல் இருக்கிறவர்களுக்கு அந்தப் புளிப்பே பல்லைக் கரைத்துவிடும்.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவை உட்கார வைத்து அந்த 11 வாக்கியத்தையும் நானே வாசித்து நிரப்பினேன், முறுக்கையும் பொட்டுக்கடலையையும் பெயர் சொல்லியே கேட்டேன். 38 வந்தது. அப்பாவும் பக்கத்தில் இருந்தார். "சாப்பிடும்போது தண்ணீர் இல்லாமல் முடியவில்லையா, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை" என்று கேட்டார். அம்மா சொல்லியிருக்கிறார், பல தடவை.

அமிட்ரிப்டிலினை நிறுத்திவிடலாமா? எரிச்சல் திரும்பினால் அம்மா தூங்க மாட்டார், அதுவும் பயமாக இருக்கிறது.

சேலம் பல் டாக்டர்

நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடமே போங்கள். போகும்போது 38 என்ற தாளையும் எந்தத் தேதியில் மாத்திரை ஆரம்பித்தது, எப்போது வறட்சி தொடங்கியது என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள். எச்சில் சுரக்க நரம்பு தரும் சமிக்ஞையை அந்த மாத்திரை தடுக்கும், இது எல்லாரும் அறிந்த பக்கவிளைவு, அவர் மறுக்க மாட்டார். அளவைக் குறைக்கலாம், கால் எரிச்சலுக்கு வாயை இவ்வளவு வறளவைக்காத வேறு மருந்துக்கு மாற்றலாம், அது அவர் முடிவு. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் மாத்திரை ஏதாவது அம்மா போடுகிறாரா என்றும் பாருங்கள், அதில் பலவும் வாயை உலர்த்தும். மூன்று மாதச் சர்க்கரை அளவையும் எடுத்துவிடுங்கள், சர்க்கரை ஏறியிருந்தால் தனியாகவே வாய் வறளும். ராத்திரி வாய் திறந்து தூங்குகிறாரா என்று ஒரு நாள் கவனியுங்கள்.

மாத்திரை மாற்றுவதற்கு முன்னால் ஒரு முறை எச்சில் அளந்துவிடுங்கள், மாற்றிச் சில வாரம் கழித்து அதே நேரத்தில் அதே முறையில் மறுபடி. கேள்வித்தாளும் இரண்டு முறையும். ஓட்டம் ஏறி 38-உம் இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. ஓட்டம் அப்படியே இருந்து 38 மட்டும் இறங்கினாலும் அம்மாவுக்கு நல்லதுதான், அதையும் முன்னேற்றம் என்றே எழுத வேண்டும். ஓட்டம் ஏறியும் 38 அசையவில்லை என்றால் அண்ணத்தையும் மூச்சையும் பார்க்க வேண்டும், வாயில் பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், நாக்கு எரிகிறதா என்றும் கேட்க வேண்டும். வாய் எரிச்சல் நோயில் எச்சில் சரியாக இருந்தும் வறட்சி தெரியும்.

லேப் வேலை

அக்கா, மறுபடி எடுக்கும்போது காலை 9 மணிக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழரைக்குள் காபி, டிபன், மாத்திரை, பல் தேய்ப்பது எல்லாம் முடிந்துவிட வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர், அதனால் பட்டினியாக மட்டும் கூட்டி வராதீர்கள். லேபில் "எடை போட்டுத் தருவீர்களா, மெல்லாமல் எடுத்தது, மெல்ல வைத்து எடுத்தது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுவீர்களா" என்று முன்னாடியே போனில் கேளுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் மருத்துவப் பிரிவு இருக்கும், அங்கே கேட்டுப் பாருங்கள், செலவும் குறைவு.

வைகைக்கரை

சரி தம்பி. அப்பாதான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார்.